சின்ன சாமி கேட்டது

1

இந்தக் கதை என்னுடையதல்ல. முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

பொன்னேரியில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள் நான். பாகப்பிரிவினை, விவாகரத்து, பிரமாணப் பத்திரம் என்று பகலெல்லாம் அடுத்தவர் வாயில் வருவதை அடித்துக் கொடுப்பேன். வேலை இல்லாத நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் கதை எழுதுவேன். போன டிசம்பரில் ஒரு மத்தியானம், வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தபோது, ஆல்வின் உள்ளே வந்தான். முழங்கால் வரைக்கும் பேன்ட் நனைந்திருந்தது. அன்று பொன்னேரியில் மழை இல்லை.

ஆல்வினும் நானும் கல்லூரியில் ஒரே வகுப்பு. அவன் அனுப்பம்பட்டு. பி.காம். முடித்ததும் பாதிரியார் ஆவதற்குக் குருமடத்தில் சேர்ந்துவிட்டான். நான் நெல் விளைகிற ஊரில், பெருமாளைக் கும்பிடுகிற வீட்டில் பிறந்தவள். குருமடத்துக்குள் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஒரு முறை போனில் பேசுவோம், அவ்வளவுதான்.

"தர்ஷினி, ஒரு டவுட்டு. சாவப்போற ஆளு சொன்னது கோர்ட்டுல செல்லுமா?"

"மரண வாக்குமூலம்னா செல்லும்."

"அந்த ஆளு சாவலன்னா?"

"சாவலன்னா அது மரண வாக்குமூலம் இல்ல. மத்த பேச்சு மாதிரி அதுவும் ஒரு பேச்சு. ஏன், இன்னா ஆச்சு?"

அவன் கதவைப் பார்த்தான். பிறகு எழுந்து போய் அதைச் சாத்திவிட்டு வந்தான்.

(ஊரின் பெயரை மாற்றியிருக்கிறேன். சங்குமேடு என்று பழவேற்காட்டுப் பக்கம் ஓர் ஊர் இருந்தால் அது இதுவல்ல. ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன்.)

2

தொடக்கம் மூன்று எழுதினேன். மூன்றையும் இங்கே விட்டு வைக்கிறேன்.

முதலாவது: "ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த அந்த மணல்மேட்டின் மீது மழை மூன்று நாளாக" இங்கேயே நிறுத்திவிட்டேன். மழையில் தொடங்கினால் பயம் மழையிலிருந்து வந்தது என்று நினைத்துவிடுவீர்கள்.

இரண்டாவது: "செசிலியா தெலுங்கு கற்றுக்கொண்டது புருஷனைத் தேடுவதற்காக." வாக்கியம் நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதால்தான் எடுத்துவிட்டேன். அவளை முதல் வரியில் நிறுத்தி உங்களை உள்ளே இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் இப்போது படித்துவிட்டீர்கள்.

மூன்றாவது: "ஆல்வின் இன்னும் பாதிரியார் ஆகவில்லை."

இதையே வைத்துக்கொள்கிறேன். அவன் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்ட வாக்கியம் இது.

[அடிக்குறிப்பாகப் போட நினைத்தது. அடியில் போட்டால் யாரும் படிக்க மாட்டீர்கள் என்பதால் இங்கே: கத்தோலிக்க சபையில் பாதிரியார் ஆவதற்கு முந்தைய படி திருத்தொண்டர். ஆல்வினுக்கு அந்தப் பட்டம் ஆகியிருந்தது. ஜனவரி கடைசியில் குருப்பட்டம். திருத்தொண்டர் ஞானஸ்நானம் கொடுக்கலாம், கல்யாணம் செய்து வைக்கலாம், பிரசங்கம் வைக்கலாம், பிணத்தை மந்திரித்து அடக்கம் செய்யலாம். பூசை வைக்க முடியாது. பாவசங்கீர்த்தனம், அதாவது ஒருவர் தன் பாவங்களை அறிக்கையிடுவதைக் கேட்டு மன்னிப்பு வழங்க முடியாது. வழங்குவதுபோல நடித்தால் அது பெரிய குற்றம். குருப்பட்டத்துக்கான கதவே மூடிக்கொள்ளும், மேலிடம் மனது வைத்தால்தான் திறக்கும். பாதிரியார் கேட்ட பாவத்தை உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது, அதற்கு ரகசிய முத்திரை என்று பெயர். திருத்தொண்டர் கேட்டால்? அந்த முத்திரை அதில் விழாது. இவை எல்லாம் ஆல்வின் எனக்கு விளக்கியவை. பட்டத்துக்கு முன் பயிற்சிக்காக அவனை அனுப்பியிருந்த சங்குமேட்டு ஜனங்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது. அங்கே பால்ராஜ் ஃபாதர் பெரிய சாமி, ஆல்வின் சின்ன சாமி.]

3

நவம்பரில், புயல் எச்சரிக்கை விட்டிருந்த வாரம். பங்குத்தந்தை பால்ராஜ் ஃபாதர் குருக்களுக்கான வருடாந்திரத் தியானத்துக்குப் போயிருந்தார். அங்கே ஐந்து நாளைக்குப் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். சங்குமேட்டுக்கு வரும் சாலை இடுப்பளவு தண்ணீருக்குள் கிடந்தது. வாடைக் காற்றில் ஏரியில் படகு இறக்க முடியவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு பிரின்சி ஓடி வந்தாள். சந்தியாகுவின் மகள். சந்தியாகுவுக்கு அறுபது வயதிருக்கும். படகு வைத்திருப்பவர், கோயில் திருவிழாவில் தேருக்கு முன்னால் நடப்பவர்.

"சின்ன சாமி, நைனாவுக்கு நெஞ்சு வலி. படகக் கரைக்கு மேல இழுக்கசொல்ல விழுந்துடுச்சி. வேர்த்துக் கொட்டுது. பாவசங்கீர்த்தனம் பண்ணணும்னு அழுவுது."

ஆல்வின் அக்கரைப் பங்கின் ஃபாதருக்குப் போன் செய்தான். "நான் எப்படிப்பா வர்றது, படகே இல்லையே. நீ போய் பக்கத்துல இரு. நற்கருணை குடு. மனஸ்தாப ஜெபம் சொல்ல வை. அது போதும், கடவுளுக்குத் தெரியும்" என்றார் அவர். ஆகவே என்ன செய்யவேண்டும் என்பது ஆல்வினுக்குத் தெரிந்திருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தகரக் கூரை வீடு. மழைச் சத்தத்தில் பேசினால் கேட்காது. சந்தியாகு பாயில் கிடந்தார், உதடு வெளுத்திருந்தது. எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். ஆல்வினின் மணிக்கட்டைப் பிடித்துக் குனிய வைத்தார். வலை இழுக்கிற கை. அந்தப் பிடியின் தடம் மறுநாள் வரைக்கும் இருந்தது என்றான்.

"ஜான்சன் வடக்கால போவல சாமி."

ஜான்சன், செசிலியாவின் புருஷன். ஐந்து வருஷத்துக்கு முன்பு அவனும் சந்தியாகுவும் ஒரே படகில் போய்த் திரும்பும்போது, ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் அலை படகைக் கவிழ்த்துவிட்டது. சந்தியாகு கரை சேர்ந்தார். ஜான்சனின் உடல் கிடைக்கவில்லை. காலி டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு அவன் உயிரோடு வடக்கே மிதந்து போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சந்தியாகு ஊருக்குச் சொன்னார். ஆந்திராப் பக்கம் எங்காவது கரை ஒதுங்கியிருப்பான் என்றார். அவர் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் செசிலியா ஐந்து வருஷம் காத்திருக்கிறாள்.

"கேனு அவன் கையிலதான் இருந்துச்சி. நான் புடுங்கிக்கினேன். என் காலப் புடிச்சான். ஒதச்சேன். வுடல. இன்னொரு வாட்டி ஒதச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் காலு லேசாயிடுச்சி."

மழை. வெளியே பிரின்சி அழுகிற சத்தம்.

"மன்னிப்பு குடு சாமி. போயிடுவேன். குடு."

4

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தை நான் சந்தேகிக்கிறேன். நண்பன் என்பதற்காக அவனை விட்டுவிட முடியாது.

அன்று ஆபீசில் ஆல்வின் முதலில் சொன்னது: "நான் ஃபாதர் இல்லன்னு சொன்னேன் தர்ஷினி. மழைச் சத்தத்துல அவருக்குக் கேட்கல. சும்மா ஒரு ஜெபம் சொல்லி ஆசீர்வாதம் பண்ணேன்."

இதை அப்படியே எழுதினேன். எழுதிய பிறகு, அன்று அவன் என்ன உடுத்திக்கொண்டு போனான் என்பதைச் சேர்க்கலாமென்று போனில் கேட்டேன். வெள்ளை அங்கி என்றான். மேலே? தோள்துண்டு என்றான். [திருத்தொண்டர் தோள்துண்டை இடது தோளிலிருந்து குறுக்காகப் பூணூல் மாதிரி போட வேண்டும். கழுத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் நேராகத் தொங்க விடுவது குருவானவர் மட்டும்.] குறுக்காகத்தானே போட்டிருந்தாய் என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் அவன் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"பால்ராஜ் ஃபாதரோட ஊதாத் துண்டு ஆணியில தொங்குச்சி. அத எடுத்துக் கழுத்துல நேரா போட்டுக்கினு போனேன்."

ஊதா, பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது போடுகிற நிறம். அப்படியானால் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டிருக்கிறான். மழைச் சத்தத்தின் மேல் பழி போட்டது பொய். மன்னிப்பின் வார்த்தைகளையும் முழுமையாகச் சொல்லியிருந்தான்: "நானும் உம்முடைய பாவங்களிலிருந்து உம்மை விடுவிக்கிறேன்."

ஏன் என்று கேட்டேன்.

"சாவப்போறவன் கையை நீட்டுறான். என்கிட்ட இல்லனு சொல்ல பயமா இருந்துச்சி."

நான் நம்புகிறேன். பாதி நம்புகிறேன். மீதிப் பாதியில், கண்ணாடிக்கு முன்னால் அந்தத் துண்டைக் கழுத்தில் போட்டு ஒரு கணம் பார்த்துக்கொண்ட ஒருவன் இருக்கிறான். இந்த வரியை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். ஆல்வின் படித்துவிட்டு, இருக்கட்டும் என்றான்.

5

சந்தியாகு சாகவில்லை.

மறுநாள் காலையில் காற்று விட்டது. படகில் ஏற்றி, பழவேற்காட்டிலிருந்து ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். சென்னையில் ஸ்டென்ட் வைத்தார்கள். பன்னிரண்டு நாளில் திரும்பிவிடுவார் என்று பிரின்சி சந்தோஷமாகப் போன் செய்தாள். ஆல்வின் 'கடவுளுக்கு நன்றி' என்றான். போனை வைத்த பிறகுதான் தன் வாயில் வந்ததற்கும் மனதில் இருந்ததற்கும் உள்ள வித்தியாசம் அவனுக்கு உறைத்தது. ஒரு மனிதன் பிழைத்துக்கொண்டானே என்று அவன் பயந்துபோயிருந்தான்.

பங்களாவில், அதாவது சாமியார்கள் தங்கும் வீட்டில், சமைப்பது செசிலியா.

முப்பத்தாறு வயது. நன்றாகச் சிரிப்பாள். தெலுங்கில் போன் பேசும்போது இன்னும் சத்தமாகச் சிரிப்பாள். ஆந்திரக் கடற்கரை ஊர்களில் அவளுக்கு முப்பது நாற்பது பேரைத் தெரியும். மீன் ஏலக்காரர்கள், ஐஸ் வண்டிக்காரர்கள், ஓர் ஆஸ்பத்திரி நர்ஸ். வருஷத்துக்கு மூன்று தடவை ஜான்சனின் போட்டோவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். முதலில் கற்றுக்கொண்ட வாக்கியம் "மா ஆயன்னி சூசாரா", எங்க வீட்டுக்காரரைப் பார்த்தீங்களா. காலில் மெட்டி இருக்கிறது. கழுத்தில் தாலி இருக்கிறது.

அவள் தட்டு வைப்பாள். ஆல்வினுக்குச் சோறு இறங்காது.

"இன்னா சாமி, ஒரு வாரமா கொறிக்கிறீங்க. மடவ மீனு புடிக்கலியா?"

"வயிறு சரியில்ல அக்கா."

"இஞ்சி தட்டிப் போட்டுத் தரட்டா?"

அவளிடம் சொல்லிவிட்டால் என்ன? முத்திரை இல்லாத பேச்சுதானே. ஆனால் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று ஊர் கேட்கும். எப்படித் தெரியும் என்பதற்குப் பதில் சொன்னால் குருப்பட்டம் போய்விடும். பத்து வருஷப் படிப்பு. அனுப்பம்பட்டில் அவன் அம்மா பத்திரிகைக்கு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டாள். சொல்லாமல் இருந்தால் இந்தத் தட்டு, இந்த இஞ்சி.

அவன் இஞ்சிச் சாற்றைக் குடித்தான்.

6

தியானத்திலிருந்து திரும்பிய பால்ராஜ் ஃபாதர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சந்தியாகுவைப் பார்க்கப் போனார். பிரின்சி பெருமையாகச் சொன்னாள்: "சின்ன சாமி ஊதாத் துண்டு போட்டுக்கினு வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டாரு ஃபாதர். அதாலதான் நைனா பொழச்சிச்சி."

ஃபாதர் சந்தியாகுவின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாராம். ஆல்வினுக்கு அந்த அதிகாரம் இன்னும் இல்லை. அது செல்லாது. நீங்கள் விரும்பினால் இப்போது நான் கேட்கிறேன்.

சந்தியாகு வேண்டாம் என்றார். ஆல்வினிடம் ஃபாதர் இதைப் பற்றிக் கேட்கவில்லை, அவனாகவே வந்து சொல்லட்டும் என்று விட்டுவிட்டார் போல.

இரண்டு நாள் கழித்து ஆல்வின் பழவேற்காட்டுக்குப் போகக் கரையில் நின்றான். படகுக்காகப் பெண்கள் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். சந்தியாகு தன் படகிலிருந்து கூப்பிட்டார். படகைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த ஆள்.

"வா சாமி. நான் வுடறேன்."

"இருக்கட்டும் ஐயா, வர்ற படகுல..."

"ஏறு சாமி. எல்லாரும் பாக்குறாங்க இல்ல."

ஏறினான். அவரும் அவனும் மட்டும். ஏரி அன்று கண்ணாடி மாதிரி அமைதியாக இருந்தது, வெயில். கொஞ்ச தூரம் போனதும் படகு பழவேற்காட்டுக் கரைக்குத் திரும்பாமல் கிழக்கே போயிற்று. ஆல்வின் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். தூரத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கிரேன்கள் தெரிந்தன. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு வழி குறுகியிருந்தது. கடல் அந்த இடுக்கில் ஏறி ஏறி உடைந்தது. அதற்கு இந்தப் பக்கம், நாற்பது அடியில், சந்தியாகு எஞ்சினை நிறுத்தினார்.

"இங்கதான்" என்றார்.

படகு தானாகவே அலையை நோக்கி நகர்ந்தது. தண்ணீர் உள்ளே அடித்தது. ஆல்வினுக்கு நீச்சல் தெரியாது.

"பெரிய சாமி வந்து சொன்னாரு. நீ இன்னும் சாமியாரே ஆவலியாம். நீ குடுத்தது செல்லாதாம்." குரலில் கோபமே இல்லை. "அப்ப நான் சொன்னது உன்கிட்ட இருக்குது. நீ குடுத்தது என்கிட்ட இல்ல. அப்படித்தான?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் ஐயா."

"சாமியாரா சொல்றியா? பயந்துக்கினு சொல்றியா?"

ஆல்வின் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். சந்தியாகு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அலை மூன்றாவது முறை படகைத் தூக்கியபோது எஞ்சினை முடுக்கித் திருப்பினார். பழவேற்காட்டில் இறக்கிவிட்டு, "பாத்து எறங்கு" என்றார்.

அங்கிருந்து பஸ் ஏறி நேராக என் ஆபீசுக்கு வந்திருக்கிறான்.

(சந்தியாகு அவனைக் கொல்ல நினைத்தாரா? மிரட்டினார் என்று எழுதினேன், அழித்தேன். கெஞ்சினார் என்று எழுதினேன்; அதையும் அழித்தேன். ஆல்வினுக்கே தெரியாததை நான் தெரிந்தவள்போல எழுதமாட்டேன்.)

7

அந்த வாரக் கடைசியில் ஆல்வின் செய்த காரியம் எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. பால்ராஜ் ஃபாதரிடம் போய்ச் சொன்னான். அவருடைய அறைக்குப் போய்ச் சொல்லவில்லை. கோயிலில், பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற, வலைத்தடுப்பு வைத்த மரக்கூண்டில் மண்டியிட்டுச் சொன்னான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டாராம்: "ஏன்டா இங்க வந்து சொன்ன? ரூமுக்கு வந்திருக்கலாமே."

"இங்க சொன்னா நீங்க யார்கிட்டயும் சொல்ல முடியாது ஃபாதர்."

"தெரிஞ்சுதான் என் வாயக் கட்டுறியா."

வலைத்தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு சொன்னார்: "பட்டத்துக்கு முந்தி பிஷப்கிட்ட நீயே போய்ச் சொல்லணும். சொல்லாம பட்டம் வாங்காத. இனிமே நான் இதப்பத்தி உன்கிட்ட கேக்கக்கூட முடியாது. சாப்பாட்டு மேசையில கண்ணால கூட கேக்க மாட்டேன். நீயாத்தான் போவணும்."

சொன்னபடியே நடந்துகொண்டார். மறுநாள் காலையில் இட்லிக்குச் சட்னி காரம் என்றார். தேர்த்திருவிழா பந்தலைப் பற்றிப் பேசினார். ஆல்வினுடைய குருப்பட்டப் பத்திரிகையில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினார். அவர் முகத்தில் எதையாவது தேடித் தேடி ஆல்வின் தோற்றுப்போனான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒன்று நடந்தது. ஜனங்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கும் பெயர்களைப் பூசையின்போது ஃபாதர் வாசிப்பது வழக்கம். இறந்தவர்கள் தனியாக, உயிரோடு இருப்பவர்கள் தனியாக. ஐந்து வருஷமாக செசிலியா வாராவாரம் ஒரே சீட்டைத்தான் கொடுப்பாள். அன்றும் பால்ராஜ் ஃபாதர் வாசித்தார்: "உயிரோடிருப்போர்: ஜான்சன்."

குரல் கொஞ்சமும் மாறவில்லை. ஆல்வின் பீடத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அப்போதுதான், தான் போட்டுக்கொள்ள ஆசைப்பட்ட துண்டின் கனம் தெரிந்தது என்று என்னிடம் சொன்னான்.

8

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு செசிலியா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சாமி, உங்க மொத பூசையில எங்க வூட்டுக்காரர் பேரச் சொல்லணும்."

"சொல்றேன் அக்கா."

"எதுல சொல்லுவீங்க? உசுரோட இருக்கறவங்களோடயா, செத்தவங்களோடயா?"

ஆல்வின் மேசை மேலிருந்த தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தான்.

"அஞ்சு வருஷமா உசுரோடனு நானே எழுதிக் குடுக்கறேன். இப்பல்லாம் எழுதசொல்ல கை நிக்குது. எனக்கே தெரில. நீங்க ஜெபம் பண்ணிப் பாத்து சொல்லுங்க. நீங்க எதுல படிச்சாலும் நான் ஏத்துக்கறேன்."

"நான் எப்படிக்கா..."

"உங்களுக்குப் பொய் சொல்ல வராது சாமி. அதான் உங்கள கேக்கறேன்."

9

இங்கே வரைக்கும் எழுதி முடித்தபோது ஆல்வின் எதுவும் முடிவு செய்திருக்கவில்லை என்றுதான் நினைத்தேன். கதைக்கு முடிவு வேண்டுமே என்று நான் மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ) ஆல்வின் ஊரைவிட்டுப் போய்விடுகிறான். காட்டுப்பள்ளியில் ஏதோ ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் வேலை. அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் செசிலியாவை ஒருநாள் பார்த்து, கம்பார்ட்மென்ட் மாறி ஏறி... முடிக்கவில்லை.

ஆ) சந்தியாகுவுக்கு இரண்டாவது மாரடைப்பு. எழுதுகிறவளுக்குச் சாவு ரொம்ப சுலபம். அழித்துவிட்டேன்.

இ) ஆல்வின் பட்டம் வாங்குகிறான். முதல் பூசையில் ஜான்சனை உயிரோடிருப்போரில் வாசிக்கிறான். செசிலியா பஸ் ஏறுகிறாள். அடுத்த வருஷமும் வாசிக்கிறான். அதற்கடுத்த வருஷமும். நல்ல பாதிரியார் என்று பெயர் வாங்குகிறான். அவளுக்குத் தலை நரைக்கிறது. இன்னும் பஸ் ஏறுகிறாள்.

மூன்றாவதை எழுத இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. இவ்வளவு சுலபமாக வந்ததே என்று என்னைப் பார்த்தே பயந்தேன். போனில் ஆல்வினுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அந்த மூணாவதுதான் தர்ஷினி," என்றான். "அததான் நான் முடிவு பண்ணி வச்சிருந்தேன்."

மறுநாள் பிஷப்பைப் பார்க்கப் போனான். என் கதையால்தான் போனான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. பால்ராஜ் ஃபாதர் சொன்னதால் போயிருக்கலாம். இஞ்சிச் சாற்றால் போயிருக்கலாம்.

10

நடந்தது இதுதான்.

பிஷப் திட்டவில்லை. குருப்பட்டத்தை நிறுத்தி வைத்தார். எதுவரைக்கும் என்று சொல்லவில்லை. நீ கேட்டது சாக்கிரமெந்து அல்ல, சபையின் திருச்சடங்கு ஆகாது, ஆனால் ஒரு மனிதன் நம்பிச் சொன்னது. முதலில் அவரே போய்ச் சொல்ல வழி விடு, என்றார்.

ஆல்வின் என்னைக் கூப்பிட்டான். தனியாகப் படகேற பயமாக இருக்கிறது என்றான். பொங்கலுக்கு முந்தின வியாழக்கிழமை, ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். முகத்துவாரம் எந்தப் பக்கம் என்று நான் படகுக்காரரிடம் கேட்கவில்லை. ஆனாலும் வழியெல்லாம் கிழக்கேயே பார்த்துக்கொண்டு போனேன்.

சந்தியாகு வீட்டு வாசலில் வலைக் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்வின் அங்கி போடவில்லை, சட்டை, பேன்ட். நான் நாலடி தள்ளி நின்றேன்.

"மொதல்ல ஒண்ணு சொல்லு" என்றார் சந்தியாகு. "எனக்கு மன்னிப்பு கெடச்சிச்சா இல்லியா?"

"இல்ல ஐயா. என்கிட்ட அது இல்ல. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்ல பயந்துட்டேன். நீங்கதான் மன்னிக்கணும்."

அவர் வலையைக் கீழே வைத்தார்.

"செசிலியாகிட்ட நீங்களே சொல்லிடுங்க ஐயா. நான் கூட வர்றேன்."

"சொல்லலன்னா?"

"ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் நான் சொல்லுவேன்."

"இப்ப பயம் இல்லியா உனக்கு?"

"இருக்குது ஐயா."

சந்தியாகு உள்ளே போனார். அரிவாள்மணையோ கட்டையோ எடுத்துக்கொண்டு வருவார் என்றுதான் நான் நினைத்தேன், உண்மையில். சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மேல் பொத்தானைப் போட அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.

செசிலியா தன் வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எங்கள் மூன்று பேரையும் பார்த்ததும் சிரிக்கப் போனவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"ஜான்சன் வடக்கால போவல" என்றார் சந்தியாகு. "எங்கயும் போவல."

அவள் கையில் ஓர் ஈரப் பாவாடை இருந்தது.

"கேனு?" என்று கேட்டாள்.

"என்கிட்ட இருந்துச்சி."

அவள் கத்தவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. தெருவில் ஆட்கள் சேர்ந்தார்கள். என்ன, என்ன என்று கேட்டார்கள். சந்தியாகு நகரவில்லை. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கதவைத் தட்டப் போனேன். பிரின்சி என் கையைப் பிடித்தாள். அவளுக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கதவு திறந்தது. செசிலியா சந்தியாகுவைப் பார்க்கவில்லை. ஆல்வினைப் பார்த்தாள்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"நவம்பர்லேர்ந்து அக்கா."

"என் கையால தின்னுக்கினே இருந்த."

"ஆமா அக்கா."

சாமி என்று அவள் அவனை அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

என்னிடம், கேஸ் போட முடியுமா என்று கேட்டாள். வக்கீலிடம் கூட்டிப் போகிறேன் என்றேன். இன்னும் அவள் முடிவு செய்யவில்லை. பால்ராஜ் ஃபாதரிடம் இதையெல்லாம் ஒருநாள் பேசிப் பார்த்தேன். இந்த வருஷம் ஏரியில் இறால் பரவாயில்லை என்றார்.

11

கதையை முழுவதும் செசிலியாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினாள். "எல்லாம் எழுதிக்கோ. ஞாயித்துக்கிழம சீட்டுல நான் ரெண்டாவதா எழுதின பேர மட்டும் போடாத" என்றாள்.

"கோயில் முழுக்க கேட்டாங்களே அக்கா."

"அவங்க அங்க இருந்தாங்க. மத்ததெல்லாம் எனக்கு நடந்தது. அது நான் கடவுள்கிட்ட கேட்டது."

ஆகவே இந்தக் கதைக்கு என்னால் முடிவு தர முடியாது. சந்தியாகு அவளிடம் சொன்ன அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை நானும் கோயிலில் இருந்தேன், கடைசி வரிசையில், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு. சந்தியாகு தூணோரமாக நின்றிருந்தார். ஆல்வின் பீடத்தில் இல்லை, ஜனங்களோடு உட்கார்ந்திருந்தான். செசிலியா முதல் வரிசையில், மெட்டி இல்லாமல். பால்ராஜ் ஃபாதர் அவளுடைய சீட்டைப் பிரித்தார். முதல் முறையாக அதில் இரண்டு வரி.

"இறந்தோர்: ஜான்சன்."

அடுத்த வரியைப் படிக்குமுன் அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் வாசித்தார்.

அந்த இடத்தை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். யார் பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். போடும்போது கை நின்றால் வெட்கப்பட வேண்டாம். பால்ராஜ் ஃபாதரும் அந்த வரிக்கு முன் நின்றார்.

உயிரோடிருப்போர்: ........................